மாப்பிள்ளை மேலே இருக்கிறார்

— நான் எங்க மாப்பிள்ளை தொட்டேன்? அவுத்தேன், சுருட்டினேன், ஓரமா வச்சேன். அவ்வளவுதான்.

— எந்தக் கயிறு அத்தை?

— பச்சை.

— நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீலம் இல்லையே?

— முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா நின்னவ நான். எனக்கு நீலம் எது, பச்சை எதுன்னு தெரியாதா? நீலம் விறைச்சுக்கிட்டு நிக்குது. முதல்ல அதைத்தான் கழட்டப் பாத்தேன். வரலை.

— அத்தை, நீலத்துலதான் நான் இந்தப் பாய்மரத்து உச்சியில தொங்கிக்கிட்டு இருக்கேன்.

— அதான் வரலைபோல.

— ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒண்ணும் பிரச்சினை இல்ல. நீங்க இப்ப ஒரே ஒரு உதவி பண்ணணும். நிக்கிற இடத்துலயே கையைக் கட்டிக்கிட்டு அப்படியே நில்லுங்க.

— நின்னுட்டேன். ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது.

— கேளுங்க.

— நீலத்துல தொங்கறீங்கன்னா, பச்சை எதுக்கு?

— நீலம் அறுந்துபோனா என்னைப் பிடிக்கிறதுக்கு.

— ஓ.

— ஓன்னா?

— இல்ல, அப்ப அது முக்கியமான கயிறுதான். எனக்கு எப்படித் தெரியும்? வால் மாதிரி வழியில கிடந்துது. யாராவது தடுக்கி விழுந்தா என்ன ஆகறது? எங்க தியேட்டர்ல தரையில ஒரு வயர் கிடந்தா, பெரிய டாக்டரே ஆனாலும் சுருட்ட வச்சுட்டுத்தான் உள்ள விடுவேன்.

— நல்ல பழக்கம் அத்தை. இப்ப அதைத் திருப்பிக் கட்டணும். பாய்மரத்தோட அடியில, உங்க முழங்கால் உயரத்துல, ரெண்டு கொம்பு வச்ச இரும்பு ஒண்ணு தெரியுதா?

— மாட்டுக் கொம்பு மாதிரி. ரெண்டு இருக்கு. ஒண்ணுல நீலம் சுத்தியிருக்கு.

— அது இருக்கட்டும். காலியா இருக்கிறதுல பச்சை. மரத்துக்குள்ளேர்ந்து வெளிய வர்ற முனையை எடுத்து, தொய்வு இல்லாம இழுங்க. லேசா இழுத்தாப் போதும். என்னைத் தூக்கற மாதிரி வேண்டாம்.

— என்னால உங்களைத் தூக்க முடியுமா? கல்யாணத்துக்கு அப்புறம் எட்டு கிலோ ஏறியிருக்கீங்க.

— அடியில ஒரு முழுச் சுத்து. அப்புறம் இந்தக் கொம்புலேர்ந்து அந்தக் கொம்புக்குக் குறுக்கே, எட்டு எழுதற மாதிரி. மூணு எட்டு. கடைசியில ஒரு கண்ணியைத் திருப்பிப் போட்டு இறுக்கணும்.

— இருங்க, இருங்க. வகுப்புல பாடம் நடத்தற வேகத்துல சொன்னா எப்படி? ஒரு சுத்து. ஒரு எட்டு. ரெண்டு எட்டு. மூணு. கண்ணி.

— கண்ணி திரும்பியிருக்கா?

— திரும்பியிருக்கு. ரெண்டு போட்டுட்டேன். ஒத்தை முடிச்சை நம்பி நாங்க யாரையும் வீட்டுக்கு அனுப்பினதில்லை. இழுத்தும் பாத்துட்டேன், யானையையே கட்டலாம்.

— ரொம்ப நன்றி அத்தை.

— நான் மட்டும் இங்க இல்லைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?

— நீங்க இல்லைன்னா அதை யாரும் அவுத்திருக்க மாட்டாங்க அத்தை.

— அதுவும் சரிதான்.

— இப்ப நீங்க உள்ள போய் உக்காருங்க. வெயிலா இருக்கு.

— எனக்கு வெயில் பிடிக்கும். எவ்வளவு உயரம் அது?

— பதினாலு மீட்டர்.

— நாலு மாடி. ஒரு பல்பு மாத்த நாலு மாடி ஏறணுமா? ஒரு ஆளைக் கூப்பிட்டா ஆகாதா?

— ஆளே வேண்டாம்னுதானே இந்தச் சாமான். முன்னெல்லாம் மேல ஒருத்தர் ஏறணும்னா கீழ ஒருத்தர் நின்னு சக்கரத்தைச் சுத்தி இழுக்கணும். இது ஒத்தை ஆளா ஏறிக்கிறது. கீழ யாரும் தேவையே இல்லை.

— தெரியுது.

— இல்ல, பொதுவாச் சொன்னேன்.

— அது எப்படி, கயித்தைப் பிடிச்சுக்கிட்டா ஏறறீங்க?

— பிடிக்கவே வேண்டாம். நீலத்துல ரெண்டு கிளாம்ப் இருக்கு. இடுப்புப் பட்டையில ஒண்ணு, கைக்கு ஒண்ணு. கை கிளாம்புல காலுக்கு ஒரு கண்ணி தொங்குது. கிளாம்ப் ரெண்டும் கயித்துல மேல நகரும், கீழ நகராது. பல்லு வச்சுக் கடிச்சுக்கும். பச்சையில இருக்கிற கிளாம்ப் வேற, ரெண்டு பக்கமும் நகரும், விழுந்தா மட்டும்தான் கடிக்கும். உக்காரணும், காலை மடக்கிக் கை கிளாம்பை மேல தள்ளணும், கண்ணியில எழுந்து நிக்கணும். இடுப்புது தானா கூடவே மேல வந்துடும். மறுபடி உக்காரணும்.

— ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் நாங்களும் இதைத்தான் பண்ணச் சொல்லுவோம். உக்காருங்க, எழுந்து நில்லுங்க, மூச்சை விடுங்க. எல்லாரும் எங்களைத் திட்டுவாங்க. மேல போறதுக்குள்ள எத்தனை தடவை உக்காந்து எழுந்தீங்க தெரியுமா?

— ஒரு அறுபது இருக்கும்.

— எண்பத்தேழு. நாற்பதாவதுல நின்னு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டீங்க. கடைசி இருபதுல ஒரு தடவைக்கு அரைச் சாண்கூட ஏறலை. நான் எதையும் எண்ணாம இருந்ததில்லை மாப்பிள்ளை. வயித்தைத் திறக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு சாமான் இருந்துதோ, மூடறதுக்கு முன்னாடி அவ்வளவு இருக்கணும். உங்க பையில பதினொண்ணு போச்சு. இறங்கும்போதும் பதினொண்ணு இருக்கணும்.

— பத்துதான் இருக்கும்.

— என்ன குறையுது?

— ஸ்க்ரூ டிரைவர். கை நழுவிடுச்சு. எல்லாத்துக்கும் கயிறு கட்டினேன், அதுக்கு மட்டும் விட்டுப்போச்சு.

— அதுவா அது. என் ஃபிளாஸ்க்குப் பக்கத்துல டப்புன்னு ஒண்ணு விழுந்துது. ஏதோ கடல் பறவை என்னமோ பண்ணிட்டுப் போகுதுன்னு நான் தலையைக்கூடத் தூக்கலை.

— அத்தை, தயவுசெஞ்சு மரத்துக்கு நேர் கீழ நிக்காதீங்க. கேபின் வாசல்ல என் ஹெல்மெட் இருக்கு, எடுத்துப் போட்டுக்கோங்க.

— உங்க ஹெல்மெட் ஏன் கீழ இருக்கு?

— அவசரத்துல மறந்துட்டேன்.

— என்ன அவசரம்? என் பொண்ணு கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் படகுலேர்ந்து இறங்கினா. 'ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனா. செருப்புச் சத்தம் ஓயலை, நீங்க பையில சாமானை அள்ளிப் போட்டுக்கிட்டு மரத்துக்கு ஓடினீங்க. எண்ணறதுக்கே எனக்குக் கஷ்டமாப் போச்சு.

— பல்பு இன்னிக்கே மாத்தணும் அத்தை. நாளைக்குக் காலைல நானும் அவளும் கடலுக்குக் கிளம்பறோம்ல.

— ஆமா. ஒரு வாரம்னு சொன்னீங்க.

— ஆமா. ஒரு வாரம்.

— ஒரு வாரத்துக்கு எதுக்கு நாற்பத்தெட்டு சோப்பு?

— எங்க பாத்தீங்க?

— கட்டிலுக்கு அடியில. ரெண்டு பேர், ஏழு நாள், நாற்பத்தெட்டு சோப்பு. கடலையே குளிப்பாட்டப் போறீங்களா?

— அது தள்ளுபடியில வந்துது.

— மாவு ஆறு மூட்டையும் தள்ளுபடியா?

— கொஞ்சம் இருங்க அத்தை, பல்பைத் திருகறேன். இது நுணுக்கமான வேலை. பேசினா கவனம் சிதறும்.

— திருகுங்க, திருகுங்க. நான் பேசலை.

— மாட்டிட்டேன். சரியா உக்காந்துடுச்சு.

— என்ன தெரியுது அங்கேருந்து?

— எங்கேருந்து?

— மேலேருந்துதான். நாலு மாடி ஏறிட்டு பல்பை மட்டுமா பாக்கறீங்க?

— துறை முழுக்கத் தெரியுது. வரிசையா நிக்கிற பாய்மரம் எல்லாம் சேர்ந்து சீப்புப் பல்லு மாதிரி இருக்கு. அதுக்கு அப்பால அலை தடுக்கிற சுவர். அதுமேல ஒருத்தர் நாயோட நடந்து போறார். நாய் முன்னாடி போகுது.

— அதுக்கு அப்பால?

— தண்ணிதான்.

— தண்ணிக்கு அப்பால?

— அதுக்கப்புறமும் தண்ணிதான் அத்தை. ரொம்ப தூரத்துக்குத் தண்ணிதான்.

— ம்.

— ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான். மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.

— நானும்தான் பேசணும். இறங்கி வந்து நிதானமா பேசலாம்.

— இறங்கிட்டா நீங்க கிடைக்க மாட்டீங்க. நாலு வருஷமாப் பாக்கறேன். நான் ஹாலுக்கு வந்தா நீங்க பால்கனிக்குப் போறீங்க. பால்கனிக்கு வந்தா வண்டி துடைக்க இறங்கிடறீங்க. போன தடவை நான் வந்திருந்தப்ப ஒரே நாள்ல மூணு தடவை துடைச்சீங்க. நம்பர் பிளேட்ல நம்பரே அழிஞ்சுடும்னு பயந்துட்டேன்.

— அது மரியாதை அத்தை.

— மரியாதையை உக்காந்துகிட்டும் கொடுக்கலாம். இப்ப பாருங்க, முதல் தடவையா அரை மணி நேரம் சேர்ந்தாப்பல பேசியிருக்கோம். இதுக்கு உங்களைக் கயித்துல கட்டித் தொங்கவிட வேண்டியிருக்கு. இருங்க, ஃபோன் அடிக்குது. சொல்லும்மா. இல்ல, இன்னும் இல்ல. மேல இருக்கார். மேலன்னா மரத்துமேல. நல்லாத்தான் இருக்கார், பல்பெல்லாம் மாட்டிட்டார். நீ வராதே, அங்கேயே இரு. காபி குடி. குடிச்சிட்டியா? இன்னொண்ணு குடி. வச்சுடறேன்.

— அவளா? என்ன கேட்டா?

— சொல்லியாச்சான்னு கேட்டா.

— சரி. சரி அத்தை. சொல்லிடறேன்.

— நீங்களா? நீங்க என்ன சொல்லப் போறீங்க?

— ஒரு மாசமா என்னைத்தான் சொல்லச் சொல்றா. 'எங்க அம்மாகிட்ட நீதான் சொல்லணும், எனக்குத் தைரியம் இல்லை, இன்னிக்குள்ள சொல்லலைன்னா நாளைக்குக் கிளம்பறதே இல்லை'ன்னுட்டா. நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. அதனாலதான் ஏறிட்டேன். உண்மையாச் சொன்னா இந்தப் பல்பு இன்னும் ஒரு மாசம் எரிஞ்சிருக்கும்.

— சொல்லுங்க.

— ஒரு வாரம் இல்ல அத்தை. ரெண்டு வருஷம்.

— ம்.

— ஸ்கூல்ல எழுதிக் கொடுத்துட்டேன். பூகோளத்துக்கு வேற வாத்தியாரைப் போட்டுட்டாங்க. வீட்டைப் பூட்டியாச்சு, இன்னும் யாருக்கும் விடலை. உங்க ஒரே பொண்ணை ரெண்டு வருஷத்துக்குக் கண்காணாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன். எனக்குத் தப்பிக்க இங்க வழியும் இல்லை.

— எனக்குத் தெரியும்.

— வழியில்லைன்னா?

— ரெண்டு வருஷம்னு. அவ சொல்லி மூணு வாரம் ஆச்சு.

— சொல்லிட்டாளா? பின்ன என்னை ஏன் இந்தப் பாடு படுத்தினா? ராத்திரி தூக்கம் இல்லாம, கண்ணாடி முன்னாடி நின்னு உங்ககிட்டப் பேசற மாதிரி பேசிப் பாத்திருக்கேன்.

— சொல்றேன். முதல்ல நீங்க இறங்கற சாமானுக்கு மாறிக்கோங்க. ஏறினா மட்டும் போதாதில்ல, இறங்கறதுக்கு வேற ஒண்ணு இருக்குமே?

— ஒரு பிரேக் இருக்கு. இடுப்புல மாட்டி, நீலக் கயித்தை அதுக்குள்ள விடணும். மிச்சக் கயித்தை இழுத்து இறுக்கி, பாரம் பிரேக்குக்கு வந்துடுச்சான்னு பாத்துட்டு, அப்புறம்தான் இடுப்பு கிளாம்பைத் திறக்கணும். இதுல ஆபத்தான இடம் இது ஒண்ணுதான்.

— முதல்ல இறுக்கு, அப்புறம் திற.

— அதேதான். மாட்டிட்டேன். நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க.

— மாறி முடிங்க. கத்தி கையில இருக்கிற டாக்டர்கிட்ட நாங்க கெட்ட சேதி சொல்றதில்லை.

— கெட்ட சேதியா?

— முடிங்க மாப்பிள்ளை.

— இப்படிச் சொல்லிட்டா எப்படி முடிக்கிறது? சொல்லிடுங்க அத்தை. ஒண்ணும் பிரச்சினை இல்ல. கயித்தை இதுக்குள்ள விட்டாச்சு, கை அதுபாட்டுக்கு வேலை பாக்கும்.

— அவ வரலை.

— கடையிலேர்ந்தா? காபி குடிச்சுட்டு வந்துடுவா.

— கடலுக்கு, மாப்பிள்ளை. அவ உங்ககூடக் கடலுக்கு வரலை. அதை உங்ககிட்டச் சொல்லத்தான் என்னை இங்க உக்கார வச்சுட்டுப் போயிருக்கா. மாப்பிள்ளை! என்ன ஆச்சு? காலெல்லாம் ஆடுது.

— ஒண்ணும்... ஒண்ணும் பிரச்சினை இல்ல.

— விழுந்தீங்க. நான் பாத்தேன்.

— இறுக்கறதுக்கு முன்னாடி கிளாம்பைத் திறந்துட்டேன். கால் கண்ணியும் நழுவிடுச்சு. ரெண்டு முழம் இறங்கிட்டேன்.

— எது பிடிச்சுது?

— பச்சை.

— பச்சையா?

— நீங்க கட்டின பச்சை.

— மூச்சை நல்லா உள்ள இழுங்க. வெளிய விடுங்க. இன்னொரு தடவை. கை விரலை எல்லாம் அசைச்சுக் காட்டுங்க. பத்தையும். சரி, பத்து இருக்கு. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. கீழ பாக்காதீங்க. அந்தக் கை கிளாம்ப் இன்னும் நீலத்துலதானே இருக்கு?

— தலைக்கு மேல இருக்கு.

— அதுல தொங்கற கண்ணிக்குள்ள காலை விடுங்க. எழுந்து நில்லுங்க. நின்னுக்கிட்டே பிரேக்குல மிச்சக் கயித்தை இழுங்க. முழுசா. இப்ப உக்காருங்க. பாரம் எதுல இருக்கு?

— பிரேக்குல. வந்துடுச்சு. அத்தை, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீங்கதானே சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். உங்க வகுப்புல பசங்க கேக்க மாட்டாங்கபோல.

— ஏன் வரலையாம்?

— முதல்ல மெதுவா இறங்க ஆரம்பிங்க. பச்சையில இருக்கிற கிளாம்பையும் கூடவே நகத்திக்கிட்டு வாங்க. இறங்கிக்கிட்டே கேளுங்க. அவளுக்குக் கடல்னா பயம். நீங்க சொன்னா நானே 'அவ வர வேண்டாம்'னு தடுத்துடுவேன்னு நினைச்சுத்தான் உங்களைச் சொல்லச் சொன்னா.

— வாரா வாரம் வந்தாளே. மூணு வருஷமா வந்தாளே.

— மாத்திரை போட்டுக்கிட்டு வந்தா. வாந்திக்கு. வாங்கிக் கொடுத்தது நான்தான். உங்க முகத்துல இருக்கிற சந்தோஷத்தைப் பாத்துட்டு அவளால சொல்ல முடியலையாம். உங்க பிறந்த நாளைக்கு இந்தச் சாமானை யார் வாங்கிக் கொடுத்தா?

— அவதான்.

— கொடுக்கும்போது என்ன சொன்னா?

— 'இனிமே நீ தனியாவே ஏறிக்கலாம், கீழ யாரும் நிக்க வேண்டாம்'னு சொன்னா.

— அப்பவே சொல்லப் பாத்திருக்கா, பாவம்.

— நான் அட்டைப் பெட்டியைப் பிரிச்சு, ஒவ்வொரு கொக்கியா எடுத்துக் கட்டில்மேல அடுக்கி, அதுங்களை ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். அவ சமையல் ரூமுக்குப் போயிட்டா. நான் கூடப் போகலை.

— நிறுத்தாதீங்க, இறங்குங்க.

— என்னை விட்டுட்டுப் போயிடுவாளா அத்தை?

— பைத்தியமா உங்களுக்கு? எங்க போவா? உங்க ஆசையைக் கெடுக்கக் கூடாதுன்னு தானே இவ்வளவும். நீங்க போயிட்டு வாங்க, அவ வீட்ல இருப்பா, தினம் பேசுவா. அதுவும் உங்களைத் தனியா அனுப்ப அவளுக்கு மனசே இல்லை. அதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணித்தான் நான்... மாப்பிள்ளை? ஏன் நின்னுட்டீங்க? தோள் குலுங்குது. அழுதா அழுங்க, ஆனா பிரேக்குலேர்ந்து கையை எடுக்காதீங்க.

— அழலை அத்தை.

— பின்ன?

— சிரிக்கிறேன்.

— அதிர்ச்சியில சில பேருக்கு அப்படி வரும். இறங்கினதும் சூடா ஏதாவது குடிக்கணும்.

— அதிர்ச்சி இல்ல. நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. கரை கண்ணுலேர்ந்து மறைஞ்சா எனக்கும் பயம்தான். இந்த அலைச் சுவரைத் தாண்டினதுமே எப்ப திரும்பலாம்னுதான் யோசிப்பேன். பன்னிரண்டு வருஷம் சுவர்ல மாட்டின வரைபடத்துல கடலைக் குச்சியால தொட்டுக் காட்டினவன் அத்தை நான். வரைபடத்துல கடல் ஆடாது.

— அப்ப எதுக்கு இந்தப் படகு?

— முதல் கல்யாண நாளுக்குக் கடற்கரைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் தூரத்துல ஒரு பாய்மரப் படகு போச்சு. வேற ஒண்ணும் பேசத் தோணாம, 'இப்படியே போய்க்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்'னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த மாசம் அவ இந்தப் படகோட விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினா. கண்ணெல்லாம் மின்னுச்சு. அவளுக்கு இவ்வளவு ஆசையான்னு நான் வாங்கினேன். அப்புறம் கத்துக்கிட்டேன். அப்புறம் வேலையை விட்டேன்.

— அவளுக்காக.

— அவளுக்காகத்தான். அவ எனக்காக. இதுக்கு நடுவுல நாற்பத்தெட்டு சோப்பு.

— உங்களுக்கு வாந்தி வருமா?

— நானும் மாத்திரைதான். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன்.

— அது உங்களோடதா? மெத்தைக்கு அடியிலயும் அதே மாத்திரை, சர்க்கரைக்குப் பின்னாடியும் அதே மாத்திரை. இவ ஏன் ரெண்டு இடத்துல வச்சிருக்கான்னு காலையிலேர்ந்து எனக்குக் கணக்கு இடிச்சுக்கிட்டே இருந்துது.

— அத்தை, எனக்கு இப்ப எப்படி இருக்கு தெரியுமா? பத்து கிலோ குறைஞ்ச மாதிரி இருக்கு.

— எட்டு போதும். வலது காலைக் கொஞ்சம் தள்ளி வைங்க, கம்பி இருக்கு. இன்னும் ஒரு ஆள் உயரம்தான். அவ்வளவுதான். தொட்டாச்சு.

— தொட்டாச்சு. படகுத் தளம் இவ்வளவு கெட்டியா இருக்கும்னு தெரியாமப் போச்சு. கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— உக்காருங்க. இந்தாங்க காபி. பையைக் கொடுங்க. குறடு, டேப்பு, பழைய பல்பு, சின்னக் கத்தி... பத்து. ஸ்க்ரூ டிரைவரோட பதினொண்ணு. சரியா இருக்கு.

— அவளுக்கு ஃபோன் பண்ணுங்க அத்தை. பாவம், அழுதுகிட்டே நாலாவது காபி குடிச்சுக்கிட்டு இருப்பா. இல்ல, வேண்டாம், நானே ஓடிப் போய்ச் சொல்றேன். ரெண்டு பேரும் முட்டாளுங்கன்னு சொல்றேன். பக்கத்துப் படகுக்காரர் ஆறு மாசமா இதைக் கேட்டுக்கிட்டு இருக்கார், சாயங்காலமே அவர்கிட்டப் பேசி வித்துடலாம். திங்கக்கிழமை ஹெட்மாஸ்டரைப் போய்ப் பாக்கறேன். பூகோளம் இல்லைன்னா எதையாவது கொடுக்கட்டும், விளையாட்டு வாத்தியார்கூட ஆகறேன், எண்பத்தேழு தடவை உக்காந்து எழுந்திருக்கேன். ராத்திரிக்கு நம்ம வீட்ல மூணு பேரும் சேர்ந்து சாப்பிடலாம். நீங்க ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போகணும். நான் பால்கனிக்குப் போக மாட்டேன், சத்தியம்.

— படகை விக்காதீங்க மாப்பிள்ளை.

— ஏன்? அவளுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். வேற யாருக்கு வேணும்?

— ஆபரேஷன் தியேட்டர்ல ஜன்னல் கிடையாது. முப்பத்தொரு வருஷம். வெளிய மழையா வெயிலான்னு, உள்ள வர்றவங்க செருப்பைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்.

— அத்தை?

— அவ இடத்துல நான் வர்றேன்னு சொல்லித்தான் அவளைச் சம்மதிக்க வச்சேன். என் வீட்டை ரெண்டு வருஷத்துக்கு விட்டுட்டு, நேத்து சாயங்காலமே குடித்தனக்காரங்ககிட்டச் சாவியைக் கொடுத்துட்டேன். காலைல எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?